குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகிறது: சீன மருந்து குடித்தவர்கள் உண்டா?

ஊசிநூல் (டவுன்ஜீ), டிசம்பர் 12

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாளாகப் படித்துவிட்டுப் போகிறவள், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். வயது 36. பிறந்தது ரங்கூன், வாக்கப்பட்டது மலைமேல் இருக்கும் டவுன்ஜீ. தையல் பிழைப்பு.

இந்த ஊர்க் குளிர் உங்களுக்குத் தெரியும். மார்கழி பிறக்கும் முன்பே காலையில் என் கை சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. முதலில் நடுவிரலும் மோதிரவிரலும். நுனியில் தொடங்கி இரண்டாவது கணு வரைக்கும், விபூதியைக் குழைத்துப் பூசியதுபோல ஒரு சாம்பல் வெளுப்பு. கோடு கிழித்த மாதிரி ஓர் இடத்தில் நிற்கும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் என் நிறம், அந்தப் பக்கம் யாருடைய விரலோ. ஊசியைப் பிடித்திருக்கிறேனா நழுவவிட்டேனா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேற்று ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைக்கும்போது ஊசி விரலில் ஏறிவிட்டது. வலியும் இல்லை, ரத்தமும் இல்லை. அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் சூடு ஏறிய பிறகு, அதே இடத்தில் பொட்டு மாதிரி ரத்தம் எட்டிப்பார்த்தது. பயந்துவிட்டேன். கால் மணி, இருபது நிமிடம் இப்படி இருக்கும். அப்புறம் நீலம் ஓடி, கடைசியில் சிவந்து, எறும்புப் புற்றில் கை வைத்தது போலக் குத்தும்.

பக்கத்து வீட்டு அக்கா யுன்னான் சீனர். 'உனக்கு ரத்தம் குறைவு, உள்ளே குளிர் புகுந்திருக்கிறது' என்று சொல்லி, அவர்கள் மருந்துக்கடைக்குக் கூப்பிடுகிறார். வீட்டுக்காரரோ 'வேரும் கட்டையும் வேகவைத்துக் குடிக்கவா காசு சேர்த்தோம்' என்கிறார். யாராவது குடித்துப் பார்த்திருக்கிறீர்களா?

லத்தா வீதி (ரங்கூன்), டிசம்பர் 12

தங்கச்சி, நீ சொல்வது அப்படியே என் வீட்டில் நடந்த கதை. நாங்கள் டவுன்ஜீயில் இல்லை, ரங்கூனில் இருக்கிறோம். இங்கே குளிர்காலம் என்பதே விடியற்காலையில் ஒரு துண்டு போர்த்திக்கொள்கிற அளவுக்குத்தான். ஆனால் என் மனைவிக்குச் சான் பியா மீன் சந்தையில் வேலை. விடியுமுன் ஐஸ் கட்டிக்குள் கையை விட்டு மீன் பொறுக்கி எடுக்க வேண்டும். அவளுக்குப் பன்னிரண்டு மாதமும் டவுன்ஜீதான்.

மகாபந்தூலா வீதியில் குவான்யின் கோயில் இருக்கிறது இல்லையா, அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சந்துக்குள் வயதான வைத்தியர் ஒருவர். போனதும் இவள் விரலை நீட்டினாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை. மாதவிலக்கு வலியோடு வருமா, தாகம் எடுத்தால் வெந்நீர் தேடுவாயா பச்சைத்தண்ணீரா, வயிற்றைத் தொட்டால் சூடாக இருக்குமா சில்லென்று இருக்குமா, கோபம் வந்தால் மட்டும் விரல் குளிருமா என்று கேட்டுக்கொண்டே போனார். நாக்கை நீட்டச் சொன்னார். அப்புறம் இரண்டு கையையும் மாற்றி மாற்றி, மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். நூல் மாதிரி ஓடுகிறது, இருக்கிறதா இல்லையா என்று தேடவேண்டியிருக்கிறது என்றார்.

கொடுத்தது தாங்குவெய் ஸுநீ தாங். 'ஸு' என்றால் நான்கு, 'நீ' என்றால் எதிர்த்துப் போவது. கைகால் நான்குக்கும் போகவேண்டிய சூடு போகாமல் எதிர்த்துத் திரும்பிவிட்டது என்று அர்த்தமாம். சாங் சோங்ஜிங் என்ற வைத்தியர் 1,800 வருடத்துக்கு முன்னால் எழுதிவைத்த கஷாயம். ஏழு சரக்கு: தாங்குவெய் வேர், இலவங்கப்பட்டை இனத்து இளங்குச்சி, வெள்ளைப் பியோனி வேர், ஸீஸின் வேர், தோங்சாவ், தேனில் வறுத்த அதிமதுரம், சீன இலந்தை. அந்தப் பழைய ஏட்டில் இலந்தை மட்டும் 25 என்று எண்ணிச் சொல்லியிருக்கிறதாம். மற்றதெல்லாம் நிறுவைதான்.

பழுப்புக் காகிதத்தில் வேளைக்கு ஒன்றாகப் பொட்டலம். மண்சட்டியில் அரை மணி ஊறவைத்து, மூன்று கிண்ணம் தண்ணீரை ஒரு கிண்ணமாகச் சுண்டவைக்க வேண்டும். வீடு முழுக்கச் செலரிக் கீரை வாடை. அதிமதுரமும் இலந்தையும் இருப்பதால் குடிக்க முடியாத கசப்பு இல்லை. ஸீஸின் நாக்கு நுனியை லேசாக மரக்கவைக்கும். விரல் மரப்பதற்கு மருந்து குடித்து நாக்கு மரத்துப்போனதுதான் மிச்சம் என்று முதல் வாரம் கத்தினாள்.

இரண்டு மாதம் குடித்தாள். ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை வெளுத்தது, ஒன்றிரண்டாகக் குறைந்தது. முழுசாகப் போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். பங்குனி வெயிலில் வாயெல்லாம் புண். போய்ச் சொன்னதும், சூட்டு மருந்து இனி வேண்டாம், மழை முடிந்து வா என்று அவரே நிறுத்திவிட்டார்.

கணக்கப்பிள்ளை (ரங்கூன்), டிசம்பர் 13

அண்ணே, குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கணும். தையில் ஆரம்பித்துப் பங்குனியில் நிறுத்தினால் எந்த மருந்தும் வேலை செய்ததாகத்தான் தெரியும். வேலை செய்தது வெயில்.

லத்தா வீதி (ரங்கூன்), டிசம்பர் 13

ஐஸ் கட்டிக்குத் தையும் பங்குனியும் ஒன்றுதானே தம்பி?

கணக்கப்பிள்ளை (ரங்கூன்), டிசம்பர் 13

அது சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உடம்பு மொத்தமும் சூடாக இருக்கும்போது ஐஸைத் தொடுவதும், விடியற்காலையில் நடுங்கிக்கொண்டே தொடுவதும் ஒன்றில்லை. அக்குபங்சருக்காவது ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது. ஜெர்மனியில் 33 பேரை இரண்டாகப் பிரித்து ஊசி குத்தியும் குத்தாமலும் பார்த்தார்கள், 1997இல் வெளிவந்தது. ஊசி குத்திக்கொண்டவர்களுக்கு விரல் வெளுப்பது நன்றாகவே குறைந்தது. 33 பேர் என்பது நம் தெருவில் ஒரு பக்கத்து வீடுகள். அதை வைத்துக்கொண்டு ஆமாம் என்றும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது.

நைட் டூட்டி (ரங்கூன்), டிசம்பர் 13

ஊசிநூல் அக்கா, நான் நர்ஸ். நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் வார்டில் டாக்டர் சொல்லும் பெயர் ஞாபகம் வந்தது: ரேனோ. மொரீஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இல் இதை எழுதினார். வெள்ளை, நீலம், சிவப்பு என்று நீங்கள் சொன்ன அதே வரிசை. விரலுக்குப் போகும் சின்ன ரத்தக்குழாய்கள், குளிரோ பதற்றமோ பட்டால் தேவைக்கு மேல் இறுகி மூடிக்கொள்கின்றன. நம் நிறத்துக்கு அந்த வெள்ளை, புத்தகப் படத்தில் இருப்பதுபோல் தெரியாது. அதனாலேயே பல பேருக்குக் கண்டுபிடிப்பதில்லை. விபூதி என்று சொன்னீர்கள் பாருங்கள், அதுதான் சரியான வார்த்தை.

இதில் இரண்டு வகை. ஒன்று, வேறு எந்த வியாதியும் இல்லாமல் தானாக வருவது. பெரும்பாலும் பதின்வயதிலோ இருபதுகளிலோ ஆரம்பிக்கும், இரண்டு கையிலும் வரும், தொல்லைதான், ஆபத்தில்லை. இன்னொன்று, வேறு எதற்கோ வால் பிடித்துக்கொண்டு வருவது. தோல் இறுகும் ஸ்க்ளெரோடெர்மா, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ், தைராய்டு குறைவு இப்படி. சில மாத்திரைகளாலும் வரும்.

அதனால் கஷாயம் காய்ச்சுவதற்கு முன் இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். எந்த வயதில் ஆரம்பித்தது? இரண்டு கையா, ஒரு கையா? நுனியில் புண் வந்ததுண்டா? விரல் தோல் மினுமினுவென்று இறுகியிருக்கிறதா? விழுங்கும்போது நெஞ்சில் நிற்கிறதா? மூட்டு வலி? அப்புறம், தினமும் எடுக்கும் மாத்திரை எதுவானாலும், சும்மா தலைவலிக்கு என்றாலும் சொல்லுங்கள்.

அதுவரைக்கும், கையுறை மட்டும் போதாது. வயிறும் மார்பும் சூடாக இருந்தால்தான் உடம்பு விரலுக்கு ரத்தம் அனுப்பும். ஸ்வெட்டரும் தலைக்குத் தொப்பியும் போட்டுக்கொள்ளுங்கள். வெளுத்துவிட்டால் கையை ராட்டினம் மாதிரி சுற்றுங்கள், அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் விடுங்கள். கொதிநீரும் வேண்டாம், கரியடுப்பும் வேண்டாம். மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது.

மோல்மீன் தாத்தா, டிசம்பர் 14

அம்மா, ஊருக்கு வெளியே மருந்து தேடுவானேன்? சுக்கு, திப்பிலி, சித்தரத்தை மூன்றையும் தட்டிப் போட்டுக் கஷாயம் வை. ராத்திரி நல்லெண்ணெயைச் சுடவைத்துக் கற்பூரம் கரைத்து விரலுக்குத் தேய். நம் வைத்தியத்திலும் மூன்று விரல் வைத்துத்தான் நாடி பார்ப்பது. ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. வாதம் மிஞ்சினால் கைகால் குளிரும் என்று என் பாட்டனார் சொல்வார். சீனன் சொல்வதும் பேர் மாற்றி அதேதான்.

ஒன்று மட்டும் கேள். என் தம்பிக்கும் இப்படித்தான் விரல் குளிர்ந்தது. கால் விரலும் சேர்ந்து. வாயில் எந்நேரமும் வெற்றிலை, உள்ளே புகையிலை, கையில் சுருட்டு. எண்ணெய் தேய்த்தோம், கஷாயம் கொடுத்தோம், சீனக் கடைக்கும் போனோம். அந்த வைத்தியர் கால் கட்டைவிரல் நுனி கறுத்திருந்ததைப் பார்த்ததும் காசு வாங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே போ என்று அனுப்பினார். பியர்கர் வியாதி என்றார்கள். புகையிலையால் குழாயே அடைத்துக்கொள்வது. இரண்டு விரல் போயிற்று. புகையிலையை விட்டான், மீதி எட்டும் தப்பித்தது.

பச்சைக்கல் (மாண்டலே), டிசம்பர் 14

நான் ஜேட் கல் தேய்க்கிற ஆள். பதினாறு வயதிலிருந்து கையில் கிரைண்டர். எனக்கும் வெளுக்கிறது, ஆனால் கல்லைப் பிடிக்கும் இடது கையில்தான் அதிகம். காலையில் பைக் ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனால், இறங்கும்போது மூன்று விரல் இருக்காது. குளிர் என்றே நினைத்திருந்தேன். கை அதிர்வதாலும் வருமா?

நைட் டூட்டி (ரங்கூன்), டிசம்பர் 14

வரும் தம்பி. உங்கள் தொழிலை வைத்தே கண்டுபிடித்த சமாச்சாரம் இது. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் சுண்ணாம்புக்கல் செதுக்குகிறவர்கள் காற்றுச் சுத்தியல் பிடித்துப் பிடித்து, குளிர்காலக் காலையில் விரல் வெளுத்து நின்றார்கள். ஆலிஸ் ஹாமில்டன் என்ற டாக்டரம்மா 1918இல் போய்ப் பார்த்து எழுதினார். அந்த ஆட்களுக்கும் இடது கைதான் மோசம், உளியைப் பிடிக்கிற கை. இதற்கு எந்த ஊர் வேரும் முதல் மருந்தில்லை. கிரைண்டரை இறுக்கிப் பிடிக்காதீர்கள், நடுநடுவே நிறுத்துங்கள், முடிந்தால் வேலையை மாற்றிக் கேளுங்கள். விட்டுவிட்டால் மரப்பு நிரந்தரமாகிவிடும்.

பொட்டடாங் பையன் (ரங்கூன்), டிசம்பர் 15

சீன மருந்து என்றதும் எனக்கு வயிற்றெரிச்சல். அம்மாவின் மூட்டுக்கு ஒரு கடையில் கறுப்பு உருண்டை வாங்கினோம். டப்பாவில் சீன எழுத்துதான், என்ன சரக்கு என்று கேட்டால் 'மூலிகை' என்றார்கள். மூன்றே நாளில் அம்மா எழுந்து நடந்தார். எங்களுக்கு அந்தக் கடைக்காரர் கடவுள். நாலு மாதத்தில் முகம் பூரி மாதிரி உப்பி, சர்க்கரை ஏறி, தோலைத் தொட்டால் கன்றிப்போகிற நிலை. டாக்டர் பார்த்த உடனே, இதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றார். அன்றிலிருந்து அந்தத் தெரு வழியே போவதில்லை.

லத்தா வீதி (ரங்கூன்), டிசம்பர் 15

தம்பி, உன் கோபம் நியாயம். ஆனால் அது சீன வைத்தியம் இல்லை, சீன எழுத்து ஒட்டிய டப்பா. நாங்கள் போனவர் கண்ணெதிரே இழுப்பறையைத் திறந்து, சின்னத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். எது என்ன என்று கையில் எடுத்துப் பார்க்கலாம்.

ஆனால் கண்ணால் பார்ப்பதும் போதாது என்று அவரே சொன்னார். அந்த ஏழு சரக்கில் தோங்சாவ் இருக்கிறதே, அதில்தான் வில்லங்கம். பழைய ஏட்டில் தோங்சாவ் என்று எழுதியிருப்பது, இன்றைக்கு மூதோங் என்கிற கொடியை. மூதோங்கிலும் பல ஜாதி. விலை மலிவு என்று குவான் மூதோங் என்ற ஒரு ஜாதியைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அதில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தைத் தின்றுவிடும், புற்றுநோயும் வரும். பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடம்பு இளைக்கக் கொடுத்த மருந்தில் இதே அமிலம் உள்ள இன்னொரு வேர் ஆள்மாறிப் போய்விட, நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. சீனாவே 2003இல் குவான் மூதோங்கைத் தள்ளிவைத்தது. ஸீஸினிலும் கொஞ்சம் உண்டு, இலையிலும் தண்டிலும் அதிகம். அதனால் 2005லிருந்து அவர்கள் மருந்து நூலில் வேர் மட்டும்தான். ஒரு வேளைக்கு மூன்று கிராமுக்கு மேல் அவர் போடமாட்டார்.

ஆகவே தங்கச்சி, போனால் சரக்கின் பெயரையும் கிராமையும் காகிதத்தில் எழுதி வாங்கு. எழுதித் தரமாட்டேன் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடு.

கணக்கப்பிள்ளை (ரங்கூன்), டிசம்பர் 15

இந்த இழையில் முதன்முறையாக லத்தா அண்ணனோடு ஒத்துப்போகிறேன். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊசிநூல் (டவுன்ஜீ), டிசம்பர் 17

எல்லோருக்கும் நன்றி. கரண்ட் இல்லாததால் தாமதம்.

நைட் டூட்டி தங்கைக்குப் பதில்: ஆரம்பித்தது 33இல். இரண்டு கையும். புண் இல்லை. தோல் இறுகவில்லை, தையல்காரி கை காய்த்துப்போயிருக்கும், அவ்வளவுதான். விழுங்குவதில் குறை இல்லை. காலையில் விரல் மூட்டுக் கொஞ்சம் பிடிக்கும். வெற்றிலை போடுவேன், புகையிலை இல்லாமல்.

மாத்திரை ஒன்று உண்டு. எனக்கு ஒற்றைத் தலைவலி. வராமல் இருக்க இங்கே ஒரு கிளினிக்கில் தினமும் போடச் சொன்னார்கள். அட்டையைப் பார்த்து எழுதுகிறேன்: ப்ரோப்ரனலோல். மூன்று வருடமாகப் போடுகிறேன். இது தலைவலிக்கு, விரலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

நைட் டூட்டி (ரங்கூன்), டிசம்பர் 17

அக்கா! 36இல் மூன்றைக் கழித்துப் பாருங்கள்.

ப்ரோப்ரனலோல் விரலைக் குளிரவைக்கும் மாத்திரை. ரேனோ இருப்பவர்களுக்கு அதைத் தவிர்க்கச் சொல்வார்கள். ஆனால் நாளைக்கே தூக்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் இதயம் தடதடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், தலைவலி பன்மடங்காகத் திரும்பும். டாக்டரிடம் போய் விரலைக் காட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறு மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். முப்பது தாண்டி ஆரம்பித்திருப்பதாலும், காலையில் மூட்டுப் பிடிப்பதாலும் ரத்தத்தில் ஏஎன்ஏ (லூபஸ் மாதிரி வியாதிக்குப் பார்ப்பது), தைராய்டு, ஹீமோகுளோபின் மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் நிஃபெடிபின் மாதிரி குழாயை விரிக்கும் மாத்திரையும் இருக்கிறது, தலைபாரமும் கால் வீக்கமும் வரலாம், அதனால் அவரே முடிவு செய்யட்டும்.

கஷாயம் குடிப்பதாக இருந்தால் டாக்டர் கொடுப்பது வைத்தியருக்கும், வைத்தியர் கொடுப்பது டாக்டருக்கும் தெரியவேண்டும். அதிமதுரம் நாள்பட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறவர்கள் தாங்குவெய் பக்கமே போகக்கூடாது. கர்ப்பமாக இருந்தாலும் வேண்டாம்.

மோல்மீன் தாத்தா, டிசம்பர் 18

தலைவலிக்குப் போட்டது விரலைப் பிடித்ததா! வாதம் இடம் மாறும் என்று சொன்னால் சிரிக்கிறீர்கள்.

ஊசிநூல் (டவுன்ஜீ), பிப்ரவரி 2

போட்டுவிட்டு ஓடிப்போய்விட்டாள் என்று நினைத்திருப்பீர்கள். கல்யாண சீசன், நிமிர நேரமில்லை.

டாக்டரிடம் போனேன், கிளினிக்கை மாற்றி. நல்லவேளை, விரல் வெளுக்கும்போது போனில் எடுத்த படம் இருந்தது. அறைக்குள் போனதும் கை பளிச்சென்று நல்ல பிள்ளையாக நின்றது, படம் இல்லாவிட்டால் நம்பியிருக்கமாட்டார். மாத்திரையை மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார், தலைவலிக்கு வேறு கொடுத்திருக்கிறார். ஏஎன்ஏ இல்லை, தைராய்டு சரி. ஹீமோகுளோபின் 9.4. பக்கத்து வீட்டு அக்கா 'ரத்தம் குறைவு' என்றது இந்தக் கணக்கில் உண்மையாகிவிட்டது! அவர் சொன்ன ரத்தம் வேறு, இது வேறு என்று கணக்கப்பிள்ளை அண்ணன் சொல்வார், தெரியும். இரும்புச்சத்து மாத்திரை போடுகிறேன்.

அப்புறம் சீன வைத்தியரிடமும் போனேன். அக்கா மொழிபெயர்க்க, பழைய மாத்திரை அட்டையையும் காட்டினேன். பெயரும் கிராமும் எழுதித் தரச் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு எழுதினார், எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில், பக்கத்தில் பர்மிய எழுத்திலும். மூதோங்கைக் காட்டிக் கேட்டதற்கு, எடுத்துவிட்டு வேறொன்று போட்டார். ஸீஸின் இரண்டு கிராம். ஐந்து வாரம் குடித்தேன்.

இப்போது வெளுப்பது வாரத்துக்கு இரண்டு தடவை, மோதிரவிரல் மட்டும். எதனால் என்று கேட்காதீர்கள். ஒரே நேரத்தில் மூன்றையும் செய்துவிட்டேன்.

கணக்கப்பிள்ளை (ரங்கூன்), பிப்ரவரி 2

கேட்கத்தான் வந்தேன். நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

பச்சைக்கல் (மாண்டலே), பிப்ரவரி 3

நான் மெருகேற்றும் பக்கம் மாறிவிட்டேன். சம்பளம் குறைவு. விரல் இன்னும் வெளுக்கிறது, ஆனால் சட்டைப் பித்தானை நானே போட்டுக்கொள்ள முடிகிறது.

ஊசிநூல் (டவுன்ஜீ), ஏப்ரல் 19

திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்து எழுதுகிறேன். அம்மா வீட்டுக்கு ரங்கூன் வந்திருந்தேன். மண்டையைப் பிளக்கும் வெயில், இங்கே எனக்கு என்ன வரப்போகிறது என்று தெருவில் நின்றால், ஒரு வண்டியிலிருந்து பையன்கள் ஐஸ் கரைத்த தண்ணீரை வாளியோடு கொட்டினார்கள். எட்டு விரலும் விபூதி. ஊரே சிரித்துக்கொண்டு நனைய, நான் மட்டும் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு டீக்கடைக்குள் ஓடி, மேசையில் சும்மா வைத்திருக்கும் வெறுந்தேநீர்க் குடுவையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தேன். கடைக்காரப் பையன் ஒன்றும் கேட்காமல் இன்னொரு குடுவை கொண்டுவந்து வைத்தான்.

லத்தா அண்ணா, மழை முடிந்து அண்ணியைக் கூட்டிக்கொண்டு போகும்போது சொல்லுங்கள், அந்த வைத்தியர் இருக்கும் இடத்தை எனக்கும் காட்டுங்கள். என் பொட்டலக் காகிதத்தைக் கொண்டுவருகிறேன், அவர் என்ன சொல்கிறார் பார்ப்போம்.

லத்தா வீதி (ரங்கூன்), ஏப்ரல் 19

வா தங்கச்சி. அண்ணிக்கு இரண்டு ரவிக்கை தைக்க வேண்டும், அளவும் எடுத்துக்கொள்ளலாம்.